நனைந்த கையுறை

ஆபரேஷன் முடிந்ததும் சிவப்புக் கூடைக்குள் இரண்டு கையுறைகள் வந்து விழுந்தன. முதலில் விழுந்தது பயிற்சி டாக்டர் நாச்சியப்பனுடையது. அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

"வயித்தைத் திறந்தது நான், குடலைத் தைச்சது நான், கடைசித் தையல் வரைக்கும் நான்தான்" என்றது. "நீ எதுக்கு வந்தே? முடியற வரைக்கும் உன் மேல ஒரு சொட்டு ரத்தம்கூடப் படலையே!"

அடுத்து விழுந்தது பெரிய டாக்டர் பிலோமினாவுடையது. "வேடிக்கை பார்க்க வந்தேன்" என்றது அது.

"நடுவுல ரத்தம் பீறிட்டுச்சே, அப்பவுமா வேடிக்கை?"

"அப்பவும்தான்."

"எங்க டாக்டர் பயந்துபோய், 'மேடம், நீங்க பிடிக்கிறீங்களா?'ன்னு கேட்டாரு. உங்க டாக்டர் கையை நெஞ்சோட சேர்த்து வெச்சுக்கிட்டு, 'நீங்களே பிடிங்க நாச்சியப்பன், உங்களால முடியும்'னுட்டாங்க. நான்தான் ரத்தக்குழாயைப் பிடிச்சேன். ஒரே பிடி, ரத்தம் நின்னுபோச்சு!"

"பார்த்தேன். அழகாப் பிடிச்சே."

பெரிய டாக்டரின் கையுறை, கழற்றிய வேகத்தில் உள்பக்கம் வெளியே புரண்டு கிடந்தது. அதிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக மற்றதன் மேல் விழுந்தது.

"ஐயோ, என்ன இது! இப்படி நனைஞ்சிருக்கே? நீ எதையுமே தொடலையே!"

பெரிய டாக்டரின் கையுறை தன் ஐந்து விரல்களையும் நன்றாக விரித்துக்கொண்டது.

"ஆமா, தொடலை. அதான்."