வெறுங்கூடை

ஆறு கோழி போதுமா, குஞ்சு பொரிக்க வைத்துப் பெருக்கலாமா என்று ரோசம்மாள் கேட்டபோது, அவள் புருஷன் அருளப்பன் "பாப்போம்" என்றான். அவள் கூடையில் மணல் பரப்பி, இடிச்சத்தத்தில் முட்டை கெடாமலிருக்க ஓர் இரும்பாணியும் போட்டாள். செவலைக்கோழி அதில் அடை உட்கார்ந்துவிட்டது. முட்டை வைக்கட்டுமா என்று தினமும் கேட்டாள். "பாப்போம், பாப்போம்" என்றவன் முட்டைகளை ஆம்லெட் போட்டுத் தின்றான். வெறுத்துப்போய்க் கேட்பதையே விட்டாள். கோழி எழவில்லை.

இருபதாம் நாள் இடி இடித்தது. அருளப்பன் பதறினான்.

"ஏட்டி, ஆணி போட்டிருக்கியா? முட்டையெல்லாம் கெட்டுரப் போவுது!"

"எந்த முட்டை?"

கோழிக்கு அடியில் கைவிட்டு ஆணியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது இளஞ்சூடாக இருந்தது.