சூரியன் சிரிக்கிற அட்டை

இளமதி சட்டையை உள்பக்கமாகப் புரட்டினாள்.

அக்குள் தையலில் விரலை ஓட்டினாள். கழுத்தைச் சுற்றி ஓட்டினாள். பாவாடையின் கீழ் மடிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்புறம் குனிந்து, தையல் மெஷின்களுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

அங்கே நான்கு ஜோடிக் கால்கள் இருந்தன. எல்லாம் பெரிய மனுஷிகளின் கால்கள்.

அவள் நிமிர்ந்தாள். கிடைத்துவிட்டது போலிருக்கிறதே.

நாளைக்கு ஊரில் திருவிழா. மகள் பிரகதீஸ்வரி முதல்முறையாக முளைப்பாரி எடுக்கிறாள். அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை வேண்டும். ஆனால் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து வேலை வாங்கிய துணி தன் பிள்ளை மேல் படவே கூடாது என்று இளமதிக்கு ஒரு வைராக்கியம்.

இதற்காகப் புதுக்கோட்டையில் ஆறு கடை ஏறி இறங்கினாள். விலை மலிவான கடைகளில், இதை யார் தைத்தது என்று கேட்டால் சிரித்தார்கள். சிரிக்காமல் பதில் சொன்ன ஒரே கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய் சொன்னார்கள். அவள் பர்ஸில் இருந்ததோ முந்நூற்றைம்பது.

இலுப்பூரில் ஹவ்வா உம்மாள் என்று ஒருவர் தன் வீட்டு மாடியில் நாலு பெண்களை வைத்துத் தைக்கிறார் என்று, டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னாள். அதைக் கேட்டுத்தான் இன்றைக்கு மகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். ஊரில் காப்புக் கட்டியாயிற்று. விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் போய்விட வேண்டும்.

அவசரம்தான். ஆனாலும் கேள்விகளை அவள் விடவில்லை.

பொத்தான் கட்டுவது யார்? பிசிறு வெட்டுவது யார்? கக்கூஸ் சாவி யார் கையில் இருக்கும்? மத்தியானம் சாப்பிட எவ்வளவு நேரம்? இந்த ஜன்னல் எப்போதும் திறந்துதான் இருக்குமா, இல்லை நான் வந்ததற்காகத் திறந்ததா?

லேபர் ஆபீஸிலிருந்துதான் ஆள் வந்துவிட்டது என்று பயந்துபோய், ஹவ்வா உம்மாள் டீக்கும் வடைக்கும் ஆள் அனுப்பிவிட்டார். பாவாடை வாங்க வந்தவள் என்று தெரிவதற்குள் வடை வந்துவிட்டது.

"பொண்ணு பாக்க வர்ற மாமியாகூட இம்புட்டுக் கேக்க மாட்டா மவளே," என்றார் அவர். "பிசிறு வெட்டுறது நான்தான். கண்ணு மங்கிப்போச்சு. அதான் ரெண்டு நூலு தொங்குது."

உண்மையாகவே தொங்கியது.

சின்ன விரல்கள் வெட்டியிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. தொங்கிய அந்த இரண்டு நூலைப் பார்க்கப் பார்க்க இளமதிக்குச் சந்தோஷம் பொங்கியது.

விலை கேட்டாள். முந்நூற்று முப்பது.

அதற்குள் பிரகதீஸ்வரி மறைப்புக்குப் பின்னால் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. ஒரு சுற்றுச் சுற்றினாள். பாவாடை குடையாய் விரிந்தது. நான்கு மெஷினும் நின்றுபோயின. தைக்கிறவர்களில் இளையவள் சரண்யா எழுந்து வந்து, கீழ் மடிப்பில் நாலு விரல் துணி உள்ளே விட்டிருப்பதைக் காட்டினாள். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

பணத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, இளமதி பர்ஸை மகளிடம் நீட்டினாள்.

நோட்டுகளோடு ஒரு பழைய அட்டையும் வெளியே வந்தது. புதுச் சட்டைகளில் நூல் கோத்துத் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி அட்டை. அதில் ஒரு சூரியன் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

சூரியனின் அழகுக்காகத்தான் இளமதி அதை இத்தனை வருஷமாக வைத்திருந்தாள். அந்த வரியை அவளுக்குப் படிக்கத் தெரியாது.

ஐந்தாம் வகுப்புக்காரி விடுவாளா? அங்கேயே நின்று எழுத்துக் கூட்டினாள். இடறிய இடத்தில் சரண்யா கைகொடுத்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் தமிழில் சொன்னார்கள்.

இந்த உடைக்காகக் குழந்தைகள் யாரும் வேலை செய்யவில்லை.

மாடி முழுக்கச் சிரிப்பு.

"அடியாத்தி, நீ அலஞ்சு தேடுனது இதுல அச்சடிச்சே இருக்குல்ல," என்றார் ஹவ்வா உம்மாள். "எந்தக் கடைத் துணியில வந்துச்சு?"

இளமதி அட்டையை வாங்கிப் பார்த்தாள். சூரியன் அப்படியேதான் சிரித்தது.

"கடையில வந்ததில்லைங்கம்மா. பனியன் கம்பெனியில நான் நூலு கோத்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் அட்டை கோப்பேன்."

புதுப் பாவாடையில் நின்ற மகளின் உச்சந்தலையில் கை வைத்தாள்.

"இவ ஒசரந்தான் இருந்தேன்."