மாடி வீட்டுக் கரண்ட்

“நாலு நாளா ஒரே வீட்டுக்குப் போறீங்க. ஊருக்கெல்லாம் வயரிங் பண்ற ஆளுக்கு இது மட்டும் பிடிபடலையா?” என்று கேட்டாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். “நான் அங்க இருக்கறவரைக்கும் நல்லாத்தான் இருக்கு. படியிறங்கினா உடனே ட்ரிப் ஆகி கரண்ட் போயிடுது.”

“ஆகாம என்ன செய்யும்? நீங்க இறங்கினதும் அந்த மாடி வீட்டு டீச்சரம்மாவே கையால தட்டிவிடுறா.”

“அவங்க என்னை அண்ணான்னு கூப்பிடுறாங்கடி.”

“கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.”

அவர் மாடியேறினார்.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. கீழே மனைவி காதைத் தீட்டிக்கொண்டாள். கால்மணி நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. அவள் வாசலுக்கு ஓடிவந்து, படிவிளக்கைப் போட்டு, கணவரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“அண்ணா, மறுபடியும் போயிடுச்சு” என்றது மாடிக் குரல்.

“பாத்தீங்களா அவ வேலைய?”

அவர் பாதிப்படியில் நின்றபடி, அவள் தலைக்கு மேல் எரிந்த விளக்கைப் பார்த்தார். “அதை அணை.”

மேலே போய் ட்ரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டார். “இப்போ போடு.”

போட்டாள். மாடி இருண்டது.

“நம்ம படிவிளக்கோட நியூட்ரல் வயரு அவங்க வயரோட சேர்ந்திருக்கு. நீ இதைப் போட்டா அங்க போயிடும்” என்றபடி இறங்கி வந்தார். “ஆமா, நான் இறங்கறப்போ எல்லாம் இதை எதுக்குப் போடுற?”

அவள் தரையைப் பார்த்தாள். “உங்க மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கத்தான்.”

“அப்போ நாலு நாளா என்னைத் திருப்பித் திருப்பி மேல அனுப்பினது நீதான்.”