அந்தப் பக்கத்துத் திராட்சை

திராட்சைப் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்து, உணவுச் சோதனை அதிகாரி தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நேராகப் பிடித்திருந்தாலும் அவருக்கு ஓர் எழுத்துகூடப் புரிந்திருக்காது. எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழி அது.

“நம்ம பாஷையில ஒரு வரி இருக்கா பாருங்க சார்? லாரியை நிறுத்தறதுக்கு இது ஒண்ணே போதும்” என்றார், பக்கத்தில் நின்ற மேலதிகாரியிடம்.

இந்தச் சாவடியில் மூன்று வருடமாக ஒரு லாரியைக்கூடத் தடுத்ததில்லை, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு விடுகிறார்கள் என்று தலைமையகத்தில் பேச்சு கிளம்பியிருந்தது. அதை நேரில் பார்க்கத்தான் மேலதிகாரி வந்திருந்தார். நல்ல நேரம் பார்த்து, உள்ளே வரும் பாதையில் இந்த லாரி வந்து மாட்டிக்கொண்டது.

பழத்துக்குச் சொந்தக்கார அம்மா, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு ஓடிவந்தார்.

“ஐயா, நாலு நாளா பழம் லாரியிலயே கிடக்கு. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள சந்தையில இறக்கலைன்னா மொத்தமும் நீர் விட்டுடும். ஒரு வருஷப் பாடுங்க. இந்தப் பேப்பரைக் கொஞ்சம் பாருங்க…”

“பேப்பரைப் பார்த்து ஏமாறுற ஆள் நான் இல்லைம்மா. பழம் பேசட்டும். நீங்க அப்படித் தள்ளி நில்லுங்க.”

டிரைவர் அதற்குள் யாரையும் கேட்காமல் அலுவலகத்துக்குப் பின்னால் போய், அங்கிருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “மாமியார் வீடுன்னு நெனப்பு” என்று அதிகாரி முறைத்தார்.

பிறகு வேலையில் இறங்கினார். பெரியவர் பார்க்கிறார் என்றதும் கைக்கு ஒரு தனிச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. ஒரு பழத்தைக் கிள்ளி எடுத்து அளவுகோலில் வைத்தார்.

“பதினஞ்சு மில்லிமீட்டர் இருக்கணும் சார். பதினாலுதான் இருக்கு.”

“அது நுனிக்கொத்துப் பழம்ங்க. நடுவுல இருக்கறதை எடுத்துப் பாருங்க” என்றார் அந்த அம்மா.

“எதை எடுக்கணும்னு நீங்க எனக்குச் சொல்லித் தரவேண்டாம்.”

காம்பு பழுப்பேறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். பெட்டியின் அடியில் ஒரு காய்ந்த இலை அகப்பட்டதும் புதையல் கிடைத்த மாதிரி தூக்கிக் காட்டினார். “பார்த்தீங்களா சார்? அங்க இருக்கற பூச்சி, நோய் எல்லாம் இதுலதான் நம்ம மண்ணுக்கு வருது.”

ருசி பார்க்க ஒரு பழத்தை வாயில் போட்டு, புளிப்பு என்றார். உறுதி செய்துகொள்ள இன்னும் ஏழெட்டுப் போட்டுக்கொண்டார்.

“நம்ம தோட்டத்துப் பழமும் இதுவும் ஒண்ணா சார்? நம்மளுது கண்ணாடி மாதிரி இருக்கும். அங்க விளையறது எல்லாமே இப்படித்தான்.”

“ஐயா, நான் சொல்ல வர்றது என்னன்னா…”

“நீங்க பேசப் பேச நேரந்தான் ஆகும். அவசரம் உங்களுக்குத்தானே?”

அந்த அம்மா உறையோடு லாரிப் பக்கம் போய் நின்றார். லாரியின் பின்பலகை இடுக்கிலிருந்து சாறு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. உழைத்ததெல்லாம் கண்ணெதிரே ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது பெரிய கொடுமை.

அதிகாரி படிவத்தை எடுத்து ஒன்பது குறைகளை எழுதினார். அதற்குக் கீழே, ‘உண்ணத் தகுதியற்றது. முழுச் சரக்கையும் அழிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மேலதிகாரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. “பலே! ஆனா இவ்வளவு குறை இருக்கற சரக்கை அனுப்பற இடத்துலயே பிடிச்சிருக்கணுமே? அங்கயும் ஒருத்தர் பார்த்துத்தானே சான்று குடுப்பார்?”

“அதை ஏன் சார் கேக்கறீங்க! எவனோ ஒரு சோம்பேறி. பழத்தைக் கண்ணால பார்த்திருக்கவே மாட்டான். நாற்காலியை விட்டு எழுந்திரிக்காம கையெழுத்தைப் போட்டுத் தள்ளியிருப்பான். அவனையெல்லாம் முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்.”

“அந்தச் சான்றைத்தாங்க அப்பலேருந்து நீட்டிக்கிட்டு இருக்கேன்” என்று அந்த அம்மா உறையை மேலதிகாரியிடம் கொடுத்தார். “அந்தப் பக்கத்துல பழத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கலைங்க. பெட்டியோட மரக்கட்டை சரியில்லைன்னு நாலு நாள் நிறுத்தி வச்சு, வேணாம்னு திருப்பி விட்டுட்டாங்க. சீட்டுதான் அங்க விக்கறதுக்காக அவங்க பாஷையில ஒட்டினது; எங்க தோட்டம் இந்தப் பக்கந்தான், இங்கேருந்து எட்டே கிலோமீட்டர்.”

மேலதிகாரி சான்றைப் பிரித்தார். ‘மிக உயர்ந்த தரம். ஏற்றுமதிக்கு முழுத் தகுதி உடையது’ என்று இருந்தது. அடிவரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு அதை, முத்திரை ஈரம் காயாத படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஏங்க, ரெண்டுலயும் ஒரே கையெழுத்தா இருக்கே?”