வளைவுக்கு ஒரு கம்பி

"வளைவு வந்தா போதும்ணே, என் வீட்டுக்காரி அப்படியே என் மேல வந்து சாஞ்சிடுறா. கண்ணை வேற இறுக்கி மூடிக்கிறா, பாவம். இதைவிடத் தடியான கம்பி இருந்தா உடனே மாட்டிடுங்க" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "வண்டியைச் சாயாம பிடிச்சுக்கிற கம்பி, இந்த ஸ்வே பார், நல்லாத்தானே சார் இருக்கு? ரப்பர்கூடத் தேயலை. வண்டி அவ்வளவு சாய வாய்ப்பே இல்லையே!"

"நான் மட்டும் பொய்யா சொல்றேன்? தினமும் என் தோள்மேலதான் வந்து விழறா."

"தினமுமா?"

"என்னைக்காவது என் தம்பி பின்சீட்டுல ஏறிக்கிட்டான்னா சாய மாட்டா. அசையாம உட்கார்ந்திருப்பா. அவன் ஆளு கொஞ்சம் வாட்டசாட்டம். பின்னாடி கனம் இருந்தா வண்டி ஆடாதுன்னு அதுலதான் புரிஞ்சுக்கிட்டேன். அதான் பின்பக்கத்தைக் கெட்டிப்படுத்தலாம்னு வந்தேன்."

எப்படிப்பட்ட மூளை! ஊருக்கெல்லாம் பார்வை சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். காரென்றால் உயிர். அதன் வயிற்றுக்குள் என்ன சத்தம் கேட்டாலும் எந்தத் திருகாணி என்று சொல்லிவிடுவார்.

கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. மனைவி கணக்கு டீச்சர். அப்பா, அம்மா, பெரியப்பா, தங்கை, தம்பி என்று நிரம்பி வழியும் வீட்டில், புருஷனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் அவள் பல் தேய்க்க நிற்பதுபோலவே அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும்.

காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் அந்தக் கால்மணி நேரம்தான் இருவரும் தனியாக இருக்கும் நேரம். அதிலும் அவர் டயர், ஸ்பிரிங் என்று பேசிக்கொண்டு வருவார். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டு வருவாள்.

முதல் தடவை அவள் சாய்ந்தபோதே, "பயமா இருக்கா?" என்று கேட்டார். அவள் ஆமென்றும் இல்லையென்றும் சொல்ல முடியாத மாதிரி தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். சைக்கிளில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திக்கொண்டு போனார்கள். அப்படியும் அவள் சாய்வது நிற்கவில்லை.

"இதுக்கும் சரிப்படலைன்னா வண்டியை வித்துடுவேண்ணே. பயந்து சாகிற பொண்ணை இதுல ஏத்திக்கிட்டுப் போறது பாவம். அவ நிம்மதியா பஸ்ல போகட்டும்." கார் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வார். அந்தக் கால்மணி நேரம் போய்விடுமே என்பதுதான் அவருக்குத் துக்கமாக இருந்தது.

மெக்கானிக் மேற்கொண்டு வாதாடவில்லை. சுண்டுவிரல் தடிமனில் இருந்த பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் தடிமனில் புதிதாக ஒன்றை இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே மாட்டினார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இனிமே எந்த வளைவுலயும் சாயாது சார். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

மறுநாள் காலை. தம்பி காரில் ஏற வந்தபோது, "நீ நடந்து போ, உடம்புக்கு நல்லது" என்று துரத்திவிட்டுக் கிளம்பினார். மனைவியிடம் கம்பியைப் பற்றி மூச்சு விடவில்லை.

தபால் ஆபீஸ் முனை வந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினார். ஆகா, கார் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது! அவளுடைய சாப்பாட்டுப் பை, பின்சீட்டில் வைத்தது வைத்தபடி நின்றது.

ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு வாயெல்லாம் பல்லாயிற்று. அப்போது அவர் தோளில் மெதுவாக ஒரு தலை வந்து சாய்ந்தது. கண்கள் இறுக்கி மூடியிருந்தன.

அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. காரை ஓரமாக நிறுத்தினார்.

"இன்னுமா பயமா இருக்கு?"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"நீ பயப்படக் கூடாதுன்னு நேத்துதான் தடியான கம்பி மாட்டினேன். வண்டி இனிமே சாயாதுன்னு மெக்கானிக் அடிச்சுச் சொன்னார். அப்படியும் நீ சாயறே. என்னால ஆனதெல்லாம் பண்ணிட்டேம்மா. இன்னைக்கே இதை வித்துடுறேன். நாளையிலேர்ந்து நீ பஸ்லயே போயிடு."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்துபோய், புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். மூன்று மாதமாக எண்ணி எண்ணிப் பேசிவந்தவளுக்கு, அன்றைக்கு வார்த்தை முந்திக்கொண்டு வந்தது.

"ஐயோ, வித்துடாதீங்க! வண்டி என்னைக்குமே சாயலைங்க, நான்தான் சாஞ்சேன்."