தெப்பத்தின் பின்பக்கம்

ஜெனரேட்டரைப் பின்பக்கம் ஏற்றியதும் தெப்பம் ஒரு சாண் தாழ்ந்தது.

இரண்டு குருக்களில் கனமானவரை முன்பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். தெப்பம் சமமாகிவிட்டது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

கண்டனூர்ப் பக்கத்து ஊர் அது. குளக்கரை வரைக்கும் கரண்டு வந்து நாலு வருஷமாகிறது. ஆனால் சுற்றி வரும் தெப்பத்துக்குப் பின்னால் ஒயர் நீந்தி வராதே. அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

கரையில் வடம் பிடிக்க நின்ற சின்னக்கருப்பன், என் மனைவியின் அண்ணன், கையைக் குவித்து என் காதோரம் கத்தினார்.

“மாப்ளே, தங்கச்சி கெழக்குப் படியில நிக்கிது. உங்ககூட வாரதா வேணாமாண்டு அதுவே சொல்லுமாம், இதுதேன் கடைசியாம். எப்பவும் சிரிச்சே மழுப்புவீக, இன்னைக்காச்சும் வாயத் தொறந்து பதில் சொல்லிப்புடுங்க!”

என்னிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். ஜெனரேட்டர் ஓடாதபோதும். தொழிலுக்குத் தருகிற மரியாதை என்று எடுத்துக்கொள்வேன்.

பதிலாம்! பேச்சை நிறுத்தியதே பொன்னுத்தாயிதான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். முதலில் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதை விட்டாள். அப்புறம் பக்கத்தில் படுத்துப் பேசுவதையும் விட்டாள். என்ன கோபமோ என்று நானும் வீறாப்பாக இருந்தேன். போன ஆடியில் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு தடவை தேடிப் போனேன். எதிரே உட்கார்ந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் இப்போது நானே சமைத்து, நானே உப்பு இல்லை என்று குறை சொல்லி, நானே கோபித்துக்கொண்டு படுத்துவிடுகிறேன். சமாதானப்படுத்தத்தான் ஆளில்லை.

கயிற்றைச் சுற்றி ஓர் இழு இழுத்தேன். பெட்ரோலில் கிளம்பி, மண்ணெண்ணெய்க்கு மாறி, தடதடவென்று ஓட ஆரம்பித்தது. டியூப் லைட்டும் சீரியல் பல்பும் பளிச்சென்று எரிந்தன. கரையிலிருந்த அத்தனை ஜனமும் என்னை நோக்கிக் கும்பிட்டது.

நடுவில் சாமி இருந்தார். அதனால் நான் பதிலுக்குக் கும்பிடவில்லை.

முதல் சுற்றில் கிழக்குப் படியில் அவளைக் காணவில்லை. எல்லாம் முகம் முகமாக இருந்தது.

இரண்டாம் சுற்றில் இருந்தாள். கடைசிப் படியில், கணுக்கால் அளவு தண்ணீரில். வாய் அசைந்தது. எஞ்சினைக் காட்டிக் கையை விரித்தேன். மறுபடியும் அசைந்தது. வடம் இழுப்பவர்களுக்கு என் குடும்ப விவகாரம் தெரியுமா? தெப்பம் நகர்ந்துவிட்டது.

இன்னும் ஒரே சுற்று. அது முடிந்தால் தெப்பம் மேற்குக் கரையில் ஒதுங்கும். அவள் கூட்டத்தோடு போய்விடுவாள்.

எஞ்சினை நிறுத்தினால் கேட்கும்.

சாமியை நடுக்குளத்தில் இருட்டடித்தால் காளையார்கோவில் வரைக்கும் ஒரு கோயிலிலும் எனக்கு வேலை கிடைக்காது. அதுவும் தெரியும்.

கிழக்குப் படி வந்தது. பட்டனை அமுக்கினேன்.

விளக்கெல்லாம் செத்தது. வழக்கத்துக்காகப் பிடித்திருந்த ஒற்றைத் தீவட்டி மட்டும் மிச்சம்.

கரையில் அத்தனை வாயும் திறந்தது. கனமான குருக்கள் திரும்பி என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நாயனக்காரருக்குக் கன்னம் உப்பியபடியே இருந்தது.

எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. துடிப்பு இல்லை. தடதடப்பு என் காதுக்குள்தான் இருந்தது.

பத்தடி தூரத்தில் பொன்னுத்தாயி நின்றாள். தீவட்டி வெளிச்சத்தில் அவள் உதடு நிதானமாக அசைந்தது. அடுப்படியிலும் இப்படித்தான் அசைந்திருக்கும். இருட்டில், பக்கத்தில் படுத்துக்கொண்டும். அண்ணன் வீட்டில், குனிந்த தலைக்குக் கீழேயும்.

சொல்லி முடித்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி தாயி!” என்று இருக்கிற தொண்டையையெல்லாம் திறந்து கத்தினேன். “நீ சொன்னாச் சரி!”

எதற்குச் சரி சொன்னேன் என்று சத்தியமாகத் தெரியாது.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் தீவட்டிக்காரர் பதறிப்போய் வெளிச்சத்தைச் சாமி பக்கம் திருப்பிவிட்டார்.

சிரிப்பா, அழுகையா?

இருட்டில் குனிந்து, எஞ்சின் கயிற்றைத் துழாவினேன்.