கரடிக்கு வாய்க்கரிசி

கரடியைத் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும் என்று தலைநகர் பிராதிஸ்லாவாவில் எவனோ எழுதிவிட்டான்.

புது விதியை வேட்டைக்காரன் கெய்ஸா அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். விதியில் இருந்தது என்னவோ இதுதான்: நூறு கிலோவுக்கு மேற்பட்ட கரடியை இனி யாரும் தொடக்கூடாது. தொட்டால் துப்பாக்கியும் போகும், லைசென்ஸும் போகும். போன வருஷம் பெரியதைச் சுடலாம், சின்னதைத் தொடாதே என்றார்கள். இந்த வருஷம் தலைகீழ். அடுத்த வருஷம் கரடிதான் நம்மைச் சுடும் என்று மலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வேட்டைச் சங்கத்தின் மரக்குடிசையில் கூலாஷ் என்கிற காட்டுப்பன்றிக் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த வாசனைக்கே கும்மாளம் கிளம்பிவிடும். அன்று எல்லாரும் கெய்ஸாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலையில் ஓட்ஸ் வயல் ஓரத்தில் ஒரு பெரிய ஆண் கரடி செத்துக் கிடந்தது. காட்டுக் காவலன் ஒண்ட்ரெய்தான் முதலில் பார்த்தான். ஒரே குண்டு. அதுவும் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. யார் துப்பாக்கி என்று கண்டுபிடிக்க வழியில்லை.

கண்டுபிடிப்பானேன்? போன வாரம்தான் அதே கரடி கெய்ஸாவின் தேனீப் பெட்டிகளை நொறுக்கி நக்கிவிட்டுப் போயிருந்தது. "புதுச் சட்டத்தைச் சுருட்டித் துப்பாக்கிக் குழாய்ல திணிச்சு, அதாலேயே அந்தத் திருட்டுப்பயலைச் சுடறேன் பாரு!" என்று தேவாலய வாசலில் அவன் கத்தியதைப் பாதி ஊர் கேட்டிருந்தது.

"ஆத்திரத்துல சொன்னேன்யா. சுட்டவன் நான் இல்ல."

"அப்ப அது தானா செத்துச்சாக்கும்?" என்றான் ரூடோ, வாய் நிறைய ரொட்டியோடு. "எடை கூடிப்போச்சேன்னு வெக்கப்பட்டு உசுர விட்டிருக்கும்."

சங்கத் தலைவர் பிளாஜெய் சிரிக்கவில்லை. புது விதி வந்த அன்று மற்றவர்கள் எல்லாம் தொப்பியைத் தரையில் அடித்துக் கத்தியபோது, "சட்டம்னா சட்டம்தான்" என்று எழுந்து நின்று சொன்ன ஒரே ஆள் அவர்.

"கெய்ஸா, நீ என் கூட்டாளி. இல்லேங்கல. ஆனா போலீஸ் கீழேயிருந்து கிளம்பியாச்சு. உன் ஒருத்தனால சங்கத்துக்கே பூட்டு விழணுமா? துப்பாக்கியை மேசைமேல வெச்சுட்டு ஒத்துக்கோ. அதான் கௌரவம்."

கெய்ஸாவின் கை துப்பாக்கி வாரை விடமாட்டேன் என்றது. மர ஆலையில் வாரம் முழுக்கப் பலகை சுமந்து முதுகு ஒடிபவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காடு ஒன்றுதான் மிச்சம். அதுவும் போனால் பிறகு என்ன இருக்கிறது?

அவன் ஒண்ட்ரெயைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். அவனோ தலை நிமிராமல் ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டிருந்தான்.

"நீயாவது வாயைத் தொறந்து சொல்லுடா."

"சொல்றேன்" என்றான் ஒண்ட்ரெய். "சட்டத்தை மீறினதைக்கூட விட்டுடலாம் தலைவரே. வேற ஒண்ணுதான் எனக்கு மனசு ஆறல. கரடி வாயில ஒரு பச்சைக் கிளைகூட இல்ல."

ரூடோ மெல்வதை நிறுத்தினான்.

அந்த மலையில் மிருகம் விழுந்ததும் தொப்பியைக் கழற்றி, ஒரு பச்சைக் கிளையை ஒடித்து அதன் வாயில் வைப்பார்கள். கத்தியை எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொன்றவன் போடும் வாய்க்கரிசி அது. திருட்டு வேட்டைக்காரன்கூட அதைத் தவறவிடமாட்டான்.

"அவ்வளவு பெரிய உசுருக்கா?" ரூடோ அடுப்புச் சாம்பலில் துப்பினான். "சீ!"

"செத்த எலியைத் தூக்கிப் போட்டாப்ல போட்டுட்டுப் போயிருக்கான்" என்றான் ஒண்ட்ரெய். பார்வை கெய்ஸாவின் மேலேயே இருந்தது.

கெய்ஸாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "டேய், நான்தான் சுட்டேன்னு சொல்லு, கேட்டுக்கறேன். கிளை வெக்காத பயன்னு சொன்னே, பல்லை உடைச்சுடுவேன்!"

"சரி சரி, இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?" என்று பிளாஜெய் குறுக்கிட்டார். "கிளை எங்கேயாவது கீழே விழுந்திருக்கும்."

"வெச்சிருந்தாத்தானே விழும்?" ஒண்ட்ரெய் விடவில்லை. "சுட்டவன் வேட்டைக்காரனே இல்ல. கசாப்புக்காரன். இவனுக்கெல்லாம் எவன் தொழில் சொல்லிக் குடுத்தானோ! அவங்கப்பன் கையில துப்பாக்கியைக் குடுத்ததுக்கு ஒரு கோழிக்கூண்டைக் குடுத்திருக்கலாம்."

"அவங்கப்பனே கோழி திருடினவனாத்தான் இருப்பான்" என்றான் ரூடோ. குடிசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

மேசை அதிர்ந்தது. பிளம் சாராயக் குப்பி உருண்டது. எழுந்து நின்ற பிளாஜெயின் முகம் பீட்ரூட்டாய்ச் சிவந்திருந்தது.

"எங்கப்பாவைப் பத்திப் பேச எவனுக்குடா யோக்கியதை இருக்கு? அப்படியொரு கரடிக்காக ஆயுசு பூரா காத்துக் கிடந்தவன்டா நான்! தொப்பியைக் கழட்டி, முழங்கால் போட்டு, என் கையால தேவதாருக் கிளை ஒடிச்சு அது வாயில வெச்சுட்டுத்தான்டா வந்தேன்!"

கரண்டிகள் அப்படியே நின்றன. தலைவர் திறந்த வாயை மூடவில்லை.

ஒண்ட்ரெய் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, வாடத் தொடங்கியிருந்த ஒரு தேவதாருக் கிளையை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"தெரியும் தலைவரே. காலையில அது வாயிலேர்ந்து உருவினவனே நான்தானே!"